வலைக்காரியின் இருபத்தாறாம் பகுதி

குரலை மாற்றிவிடலாம் என்று ஷரஃபுதீன் பாய் சொன்னபோது ஈவ்லின் பதில் சொல்லவில்லை. சூட்டோடு சூடாகப் பேசிப் பழக்கமில்லாதவள் அவள். ஒருவர் சொன்னது உள்ளே இறங்கி, அடிமண்ணைத் தொட்டுத் திரும்பும்வரை சும்மா இருப்பாள். அதைத் திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. செவிடு என்று நினைத்தவர்களும் உண்டு.

பாய் காத்திருந்தார். பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அவருடைய அலுவலகம். ஒரு காலத்தில் படங்களையும் பக்திப் பாடல்களையும் டி.வி.டி.யாகப் போட்டு நாகர்கோவில் வரை அனுப்பியவர். இப்போது அலமாரிகளில் பாதி காலி. மேசைமேல் புதிதாக அச்சாகி வந்த மாதிரிப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் அட்டையில் முழங்கால் அளவு அலையில் ஒரு மீன்காரி நின்றாள், தோளில் ஒளிரும் வலையோடு. மேலே ‘வலைக்காரி’ என்ற எழுத்து.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன நிறுவனம் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் கணினியில் உருவாக்கிய தொடர் அது. பகலில் கடற்கரையில் மீன் விற்கும் பெண், ஊருக்கு ஆபத்து என்றால் ஒளி வலையை வீசுவாள். சரியும் கட்டடம், கவிழும் படகு எதுவானாலும் அதில் சிக்கி நிற்கும். மொத்தம் இருபத்தாறு பகுதிகள். இருபத்தைந்து தொலைக்காட்சியில் வந்தன. கடைசிப் பகுதி வருவதற்குள் நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அன்று தரையில் சம்மணமிட்டுப் பார்த்த பிள்ளைகள் இன்று பெருங்குடியிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். வலைக்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று இணையத்தில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாய் உரிமையை வாங்கினார். நான்கு டி.வி.டி. தட்டுகள் கொண்ட பெட்டியாகப் போடுவதாக அறிவித்தார். முடியாமல் நின்ற கடைசிப் பகுதி ஈவ்லினிடம்தான் இருந்தது. வலைக்காரியின் முகத்தைக் கணினியில் அசைய வைத்தவள் அவள். நிறுவனம் மூடிய பிறகும் வருஷா வருஷம் அத்தனை கோப்புகளையும் புதிய வன்தட்டில் ஏற்றி வைத்து வந்தாள்.

“நீயே சொல்லும்மா,” என்றார் பாய். “இருபத்தஞ்சு எபிசோடுல அந்தம்மா குரல் கீது. கடசில இல்ல. இப்போ அதுக்குத் தொண்ட ஆபரேசன், பேச்சே வரலன்ற. நல்லா பழகின பொண்ணு ஒண்ணு நம்ம கைல கீது. இருபத்தாறையும் அதுவே பேசட்டும். ஒரு பெட்டி, ஒரு குரல். முடிஞ்சுது வேல.”

“வாய் ஒட்டாது பாய்.”

“தமிழ்ப் படத்துல வாய் ஒட்டி நீ எப்பம்மா பாத்த?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு விளக்கினாள். மற்ற இடங்களில் படத்தை முடித்துவிட்டுக் குரலைச் சேர்ப்பார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. முதலில் குரல். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் முகம். நொடிக்கு இருபத்தைந்து படம், ஒவ்வொன்றிலும் உதடும் தாடையும், குரல் கொடுத்த ஜாஸ்மின் பேசியபடி அசையும். “அந்த முகமே அவ குரல்ல இருந்து வந்தது பாய். குரல எடுத்தா மிச்சம் இருக்கறது பொம்மை.”

பாய் மாதிரிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருவதாம் தேதி தட்டு அடிக்கக் குடுக்கணும். அதுக்குள்ள கடசி எபிசோட அந்தம்மா குரல்லயே முடிச்சுக் கொண்டா. பாக்குற மாதிரி இருந்தா பெட்டி முழுக்க அந்தம்மாதான். இல்லாங்காட்டி புதுப் பொண்ணு. நா கெட்டவன் இல்ல. ஆனா மன்னிப்புக் கேட்டுக்கினு விக்கிற சரக்க நான் போட மாட்டேன்.”

இருபத்தைந்து நாட்கள் இருந்தன.

மறுநாள் காலை ஈவ்லின் சாந்தோமிலிருந்து நொச்சிக்குப்பம் மீன் அங்காடிக்கு நடந்தே போனாள். ஜாஸ்மின் தன் இடத்தில் உட்கார்ந்து சங்கரா மீனின் செதிலை நீக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அவள் கூவினால் கலங்கரை விளக்கம் வரை கேட்கும் என்பார்கள். மீன் வாங்க வந்த ஈவ்லின், ஏலக்காரனோடு அவள் போட்ட சண்டையைக் கேட்டுவிட்டு, தேர்ந்த குரல்காரிகள் ஐந்து பேரைத் தள்ளிவிட்டு அவளை ஒலிவாங்கியின் முன் நிறுத்தினாள். இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி. அதை எடுத்த பிறகு மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு அறுந்துபோகிறது. இப்போது விலையை விரலில் காட்டுகிறாள். பக்கத்து இடத்து கெங்கம்மா அவளுக்கும் சேர்த்துக் கூவுகிறாள்.

“இன்னா டீச்சர் மவளே,” என்றாள் ஜாஸ்மின். காற்றுதான் அதிகம், குரல் கொஞ்சம். “மீனுக்கு வந்த மாதிரி... தெரியலியே.”

ஈவ்லின் விஷயத்தைச் சொன்னாள். ஜாஸ்மின் கேட்டுக்கொண்டே இரண்டு மீன்களை முடித்தாள்.

“இந்தக் குரல வெச்சு... புள்ளைங்களுக்கு... பூச்சாண்டி காட்டலாம்.”

“போடி!” என்றாள் கெங்கம்மா. “வில்லன் முன்னாடி போய் நின்னு நீ ஒரு வாட்டி இருமு. அவனே கடல்ல குதிச்சிடுவான். வலயும் மிச்சம், வேலயும் மிச்சம்.”

ஜாஸ்மினின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பு. பிறகு கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். ஒருவர் நண்டு விலை கேட்டுவிட்டுப் போனார்.

“அவ இன்னா ஆனானு... எனக்கும் தெரியாது,” என்றாள் ஜாஸ்மின். “அன்னிக்கு... நான் ஆஸ்பத்திரில. பெரியவ பொறந்தா. திரும்பி வந்தா... கம்பெனியே இல்ல.” முந்தானையில் கையைத் துடைத்தாள். “வரேன். எப்போ?”

கிஷோரின் ஒலிப்பதிவுக்கூடம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்தது. சுவருக்கு எத்தனை பஞ்சு வைத்து அடித்தாலும் இரும்பு கடையும் சத்தம் தரை வழியாக ஏறிவிடும். அதனால் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை, பட்டறைக்காரர்கள் சாப்பிடும் நேரத்தில்தான் பதிவு. மணி அடித்து இயந்திரங்கள் ஓய்ந்ததும் கிஷோர் திரையை ஓடவிட்டான்.

கடைசிப் பகுதியில் எதிரி கடலைக் கருங்கல்லால் தூர்த்துக்கொண்டே வருகிறான். வலைக்காரியின் வலை அறுந்துபோகிறது. ஊர் ஜனங்கள் ஓடுகிறார்கள். அவள் திரும்பி நின்று அவர்களிடம் பேச வேண்டும். திரையில் அவள் பேசினாள். ஒலித்தது ஈவ்லினின் பழைய குரல். ஜாஸ்மின் பிரசவத்துக்குப் போயிருந்த நேரத்தில் வேலை நிற்கக் கூடாது என்று தற்காலிகமாகப் பதிந்து வைத்தது.

ஜாஸ்மின் திரையை உற்றுப் பார்த்தாள். “இவ யாரு?” என்றாள். “பாடம்... நடத்துறா?”

கிஷோர் வாயைப் பொத்திக்கொண்டான். “அக்கா, கோச்சுக்காதீங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.”

பதிவு தொடங்கியது. ஜாஸ்மின் மூன்று சொல் பேசி மூச்சு எடுப்பதற்குள் திரையில் உதடு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி. ஆறாவது தடவையில் அவள் நெற்றியில் வியர்வை பொடித்தது. ஓடும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி சொற்களை வாரிப் போட்டாள். பாதி உள்ளேயே விழுந்தன.

“ஒண்ணும் பிரச்சன இல்ல,” என்றான் கிஷோர். “நான் பாத்துக்கறேன்.” மூச்சு விட்ட இடங்களையெல்லாம் வெட்டி எறிந்து, சொற்களை நெருக்கி ஒட்டினான். கைப்பழக்கம். எந்தப் பதிவானாலும் இடையில் காற்று இருந்தால் அவனுக்கு அழுக்கு மாதிரி. ஐந்து நிமிஷத்தில் ஓடவிட்டுக் காட்டினான். உதடு சரியாக ஒட்டியது. குரல் மட்டும், ரயில் நிலையத்தில் வண்டி எண்ணை அறிவிக்கிற இயந்திரத்தின் குரல்.

ஜாஸ்மின் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கூடையை எடுத்தாள்.

“இது நா இல்ல,” என்றாள். “அந்தப் பொண்ணையே... பேச வைங்க. கோவம்லாம்... இல்ல.”

அவள் படியிறங்கும்போது கீழே மணி அடித்தது. பட்டறை மறுபடி அலறத் தொடங்கியது.

ஈவ்லின் நாற்காலியிலிருந்து எழவில்லை. திரையில் வலைக்காரியின் முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சீராக ஏறுகிறது. வாக்கியம் முடியும் இடத்தில் தலை ஒரு முறை அசைகிறது. கேள்வி கேட்டுவிட்டு வகுப்பைப் பார்க்கிற அசைவு. அம்மாவின் அசைவு அது. முப்பது வருஷம் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்த அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது. ஒளிபரப்புத் தேதி நெருங்குகிறது என்று ஒன்பது நாளில் அவசரமாக அசைத்த முகம். குரல் முதலில், முகம் பிறகு என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தவள், கடைசியில் தன் குரலையே அவள் வாயில் திணித்திருக்கிறாள். இருபத்தைந்து பகுதிகள் மீன்காரியாக இருந்தவள் இருபத்தாறாவதில் டீச்சர் மகளாகிவிட்டாள். பதின்மூன்று வருஷம் இதை வருஷா வருஷம் பத்திரமாகப் பிரதி எடுத்து வேறு வைத்திருக்கிறாள்.

யார்மேலும் பழி போட வழியில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது.

“கிஷோர், வெட்டின மூச்சையெல்லாம் திருப்பிப் போடு.”

“போட்டா வாய் ஒட்டாதுக்கா.”

“வாயை நான் மாத்தறேன். முகம் முழுக்க அழிச்சிட்டுப் புதுசா.”

கிஷோர் அவளைப் பார்த்தான். “எபிசோடு முழுக்கவா? இருபது நாள்லயா? அதுவும் இல்லாம நீளம் எகிறிடும். இருபத்திரெண்டு நிமிசம்தானே கணக்கு?”

“அது டி.வி. கணக்கு. அவங்களுக்கு விளம்பரம் போடணும், அடுத்த நிகழ்ச்சி வரணும். வீட்டுல தட்டப் போட்டுப் பாக்கறவனுக்கு அடுத்த நிகழ்ச்சி எது?”

அவன் தலையைச் சொறிந்தான். “எனக்கென்னவோ, சத்தமே இல்லாம ரொம்ப நேரம் ஓடுச்சுன்னா, தட்டு மாட்டிக்கிச்சுன்னு திருப்பிக் கொண்டாந்துடுவாங்க அக்கா. பாய் அதத்தான் மொதல்ல கேப்பாரு.”

அது உண்மைதான். வீடு போகும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலையே அங்காடியில் ஜாஸ்மினைப் பிடித்தாள். ஜாஸ்மின் மிச்ச மீனைப் பனிக்கட்டியில் புதைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“தப்பு என்மேல,” என்றாள் ஈவ்லின். “அது உன் முகம் இல்ல, என் முகம். அழிச்சிட்டேன். இனிமே திரையே கிடையாது. உனக்கு எப்ப வருதோ அப்பப் பேசு. நீ மூச்சு வாங்கற வரைக்கும் அவளும் நிப்பா.”

“எவ்ளோ நேரம்... நிப்பா?”

“நீ நிக்கற நேரம்.”

கெங்கம்மா எட்டிப் பார்த்தாள். “ஏம்மா, வில்லன் அது வரிக்கும் பீடி புடிச்சிக்கினு இருப்பானா?”

“அவனும் நிப்பான்,” என்றாள் ஈவ்லின். ஜாஸ்மின் அப்போதுதான் நிமிர்ந்தாள். ஈவ்லின் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மூன்று மதிய இடைவேளைகளில் முழுப் பகுதியும் பதிவானது. திரையை அணைத்துவிட்டார்கள். கிஷோர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கடைசிப் பேச்சு மூன்றாம் நாள். அதில் எழுதியிருந்தது நான்கு நீள வாக்கியங்கள். ஜாஸ்மின் தாளைப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகினாள்.

“பயமாத்தான் கீது,” என்றாள். ஒரு மூச்சு உள்ளே போய் எங்கோ இடறி வெளியே வந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. “இர்க்கட்டும்.” மறுபடி ஒன்றுமில்லை. “பயந்துக்கினே... நிக்கிறேன். நிக்கிறவங்க... நில்லுங்க.”

தாளில் இருந்ததில் பாதிகூட அவள் சொல்லவில்லை. ஈவ்லின் மிச்சத்தைக் கேட்கவில்லை.

அதன்பிறகு பதினாறு நாள். இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, பழைய மென்பொருள் ஓடும் பழைய கணினியின் முன் காலை ஆறு மணிக்கு உட்காருவாள். பேசும் இடங்கள் எளிதாக இருந்தன. உதட்டுக்குக் கணக்கு உண்டு, இன்ன ஒலிக்கு இன்ன வடிவம் என்று. பேசாத இடங்களுக்குக் கணக்கே கிடையாது. முகத்தை அப்படியே நிறுத்தினால் கிஷோர் சொன்னதுபோலத் தட்டு மாட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. கண்ணைச் சிமிட்ட வைத்துப் பார்த்தாள். தலைமுடியைக் காற்றில் பறக்கவிட்டாள். அலங்காரமாக இருந்தது. உயிராக இல்லை. ஐந்து நாள் செய்ததை ஆறாம் நாள் அழித்தாள்.

ஏழாம் நாள் கணினியைத் தொடவில்லை. அங்காடிக்குப் போய், வாங்குவோருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு தூணோரம் நின்றுகொண்டாள். வாழ்நாளில் பாதியைப் பேசாமல் கழித்தவள், பேசாமலிருக்கும் இன்னொருத்தியின் முகத்தை இதுவரை முழுசாகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஜாஸ்மினின் மௌனம் தன்னுடையது போன்றதல்ல. தன்னுடையது கதவைச் சாத்திக்கொள்கிற மௌனம். அவளுடையது கதவைத் தோளால் முட்டிக்கொண்டு நிற்கிற மௌனம். ஒரு சொல்லுக்கு முன்னால் கண் முதலில் கீழே போகிறது, மீனைப் பார்க்கிற மாதிரி. நாக்கு கன்னத்தை உள்ளிருந்து தள்ளுகிறது. கழுத்து ஒரு முறை விழுங்குகிறது. இடது தோள் இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் மோவாய் ஏறுகிறது. மோவாய் ஏறிவிட்டால் சொல் வந்தே தீரும். எதிரில் பேரம் பேசுகிறவருக்குக்கூட அது தெரிந்திருந்தது, அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“இன்னாடி இது, அந்தம்மா சி.ஐ.டி. மாதிரி நிக்குது?” என்று கெங்கம்மா கேட்டது காதில் விழுந்தது.

ஈவ்லின் நான்கு காலைகள் அங்கே நின்றாள். மிச்ச நேரமெல்லாம் கணினி. மௌனம் ஒவ்வொன்றையும் படம் படமாகக் கட்டினாள். விழுங்கும் கழுத்துக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. கிஷோர் கடலையும் காற்றையும் சேர்த்தான். மூச்சைத் தொடவில்லை. முடிந்தபோது பகுதியின் நீளம் முப்பத்தொரு நிமிஷம்.

பத்தொன்பதாம் தேதி காலை பாயின் அலுவலகத்தில் தட்டைப் போட்டார்கள். கீழே கடைத்தெரு அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. பாய் கையில் ரிமோட்டோடு சாய்ந்து உட்கார்ந்தார். ஈவ்லின் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். ஜாஸ்மினின் குரல் முதலில் வந்தபோது அவர் முகம் சுளித்தார். இரண்டாம் காட்சியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாம் நிமிஷத்துக்குப் பிறகு பார்க்கவில்லை.

கருங்கல் கடலை மூடிக்கொண்டு வந்தது. வலை அறுந்தது. வலைக்காரி திரும்பி நின்றாள். “பயமாத்தான் கீது.”

அமைதி. ஒரு நொடி, இரண்டு, மூன்று. பாயின் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் போனது. தட்டு மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டார். ஈவ்லின் விரல்களை மடக்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ‘ஓடுது பாய்’ என்று. சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியதாக இருந்தால் அது தோற்றுப்போனதுதான்.

திரையில் கண் கீழே போனது. கன்னம் உள்ளிருந்து புடைத்தது. கழுத்து விழுங்கியது. பாயின் விரல் பொத்தானின் மேலேயே நின்றது. தோள் இறங்கியது. மோவாய் ஏறியது. அவர் தன்னை அறியாமல் தன் மோவாயையும் கொஞ்சம் தூக்கினார்.

“இர்க்கட்டும்,” என்றாள் வலைக்காரி.

பாய் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டார். அதற்கு அடுத்த மௌனம் இன்னும் நீளம். அதற்கு அவர் அசையவேயில்லை.

படம் முடிந்து நீலத்திரை வந்தபிறகும் அவர் பேசவில்லை. சளசளவென்று பேசும் மனிதர். ஈவ்லின் அந்த அமைதியை அவசரப்படுத்தவில்லை.

“இந்த வாய்ல,” என்றார் கடைசியில், “வேற எந்தப் பொண்ணு பேசுனாலும் திருட்டுத்தனமா இருக்கும்மா.” எழுந்து ஜன்னலைத் திறந்தார். “பெட்டி முழுக்க அந்தம்மாதான். ஆனா முப்பத்தொரு நிமிசம்ன்ற. நாலாவது தட்டுல எடம் பத்தாது. அதுல நான் கோட்டு போட்டுக்கினு பத்து நிமிசம் முன்னுரை பேசி வெச்சிருக்கேன்.”

“நல்லா இருக்குமா பாய்?”

“என் வூட்டம்மாவே தூங்கிட்டாங்க. எடுத்துடுறேன், போ.”

ஈவ்லின் படியிறங்கித் தெருவுக்கு வந்து, நடைபாதையில் ஒரு மரத்தடியில் நின்று ஜாஸ்மினைக் கூப்பிட்டாள். மறுமுனையில் பனிக்கட்டி உடைபடும் சத்தம், கெங்கம்மா யாரையோ வைதுகொண்டிருக்கும் சத்தம்.

“உன் குரல்தான்,” என்றாள். “இருபத்தாறுலயும்.”

பதில் இல்லை. ஈவ்லின் காத்திருந்தாள். கண் கீழே போயிருக்கும். இப்போது கழுத்து. இப்போது தோள். அவளைத் தாண்டி ஜனங்கள் துணிப்பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

“கடசில... பேரு போடுவீங்கல்ல,” என்றாள் ஜாஸ்மின். “ஜாஸ்மின்னு மட்டும்... போடாத. அப்பா பேரு சேத்து... ஜாஸ்மின் பக்கிரினு போடு. எங்கப்பாவுக்கு... காது சுத்தமா போச்சு. பேச்சு கேக்காது. எழுத்துக் கூட்டிப் படிப்பாரு.” ஒரு மூச்சு. “கொஞ்சம்... பெருசா போடு. நெறைய நேரம் நிக்கட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“அவரு... மெதுவாத்தான் படிப்பாரு.”

ஈவ்லின் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலில் கிஷோரின் கூடத்துக்கு ஆட்டோ பிடித்தாள். தட்டு அடிக்கக் கொடுக்க இன்னும் ஒரு நாள் இருந்தது.